கயனைட் என்ற நீல நிறக் கனிமக் கல்லில் ஒரு திசையில் கத்தியால் கீறினால் கோடு விழுகிறது, மறு திசையில் விழவில்லை. போலிக் கல்லா?

இதை மட்டும் வைத்துப் போலி என்று நினைக்க வேண்டாம், கயனைட்டின் இயல்பே அதுதான். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில், நீளவாக்கில் அதன் கடினம் சுமார் 5. குறுக்குவாக்கில் 7 வரை போகும். கத்தியின் எஃகு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அணுக்கள் நீளவாக்கில் சங்கிலியாகக் கோத்திருப்பதால் வரும் வித்தியாசம் இது.

சரி, எப்படிப் பிறக்கிறது? அலுமினியம் மிகுந்த களிமண் பாறை ஆழத்தில் புதைந்து, கடும் அழுத்தத்தில் உருமாறும்போது. அதே வேதிப்பொருள் குறைந்த அழுத்தத்தில் ஆண்டலூசைட் என்ற கனிமம் ஆகும், வெப்பம் ஏறினால் சில்லிமனைட் என்ற கனிமம். அதனால் ஒரு பாறை எவ்வளவு ஆழம் போய் வந்தது என்பதற்குக் கயனைட் சாட்சி. எனக்கு அதில் பிடித்ததே இதுதான். நீலத்துக்குக் காரணம் துளி இரும்பும் டைட்டானியமும். ஜார்க்கண்டின் லாப்சா புரு இதற்குப் பேர்போன இடம்.