பழைய ஐ5-2500கே பிராசசரைக் கையால் ஓவர்கிளாக் செய்வது இன்றைக்கும் பயன் தருமா?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதும் அன்பர், தம்மிடம் இன்டெல் கோர் ஐ5-2500கே பிராசசரும் பி67 சிப்செட் மதர்போர்டும் கொண்ட மேசைக் கணினி இருப்பதாகவும், பிராசசரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் வேலைக்கு, பயோஸில் (விண்டோஸ் ஏறுமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) உள்ள தானியங்கி வசதியை இயக்குவதா, கையால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதா, அதனால் இன்னும் பலன் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள், அந்தக் கணினியைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதியது வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பதில் இது: செய்யலாம், கையால்தான் செய்ய வேண்டும், நம் ஊர் வெப்பத்தில் 4.2 அல்லது 4.3 கிகாஹெர்ட்ஸில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தானியங்கி வசதியின் பக்கம் போகவே வேண்டாம்.

கணினியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதம் தட்டச்சுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் யாரும் ஓவர்கிளாக் பற்றி யோசிப்பதில்லை என்பதால், உங்களுக்கும் காணொளி, படத்தொகுப்பு அல்லது விளையாட்டு போன்ற ஏதோ ஒரு கனமான வேலை இருக்கிறதென்றும், பிராசசரோடு மதர்போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்றுவதற்கு இப்போது கையில் ராண்டு இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். புதிய பிராசசர் எதை வாங்கினாலும் உங்களிடமுள்ள டிடிஆர்3 ரேம் அதில் பொருந்தாது. 'புதியது வாங்கு' என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் அக்கா மகன் கோயில் விழாக்களைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பவன். தைப்பூசக் காவடி இங்கே ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். நமக்கு அது உச்சக் கோடை. உம்கேனி சாலைக் கோயிலில் காலையிலிருந்து எடுத்த காட்சிகளைத் தொகுத்து எக்ஸ்264 முறையில் சுருக்கும்போது, பிராசசருக்குள் கணக்கிடும் பகுதிகளான நான்கு கோர்களும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். ஆண்டிலேயே மிகக் கடினமான வேலை, ஆண்டிலேயே மிகச் சூடான, ஈரமான நாட்களில்தான் அந்தக் கணினிக்கு வந்து சேர்கிறது.

அவனுடையதும் 2500கே கணினிதான்; அதை ஒரு கடையில் பழையதாக வாங்கினான். 'வேகம் கூட்டிக் கொடுத்திருக்கிறோம்' என்று சொல்லி அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கியிருந்தார்கள். காவடி வேலை தொடங்கியதும் கணினி நடுவில் நின்று போயிற்று. மறுபடியும் தொடங்கினால் மறுபடியும் நின்றது. என்னிடம் கொண்டுவந்தான். பயோஸைத் திறந்து பார்த்தால், மதர்போர்டின் தானியங்கி வசதியை இயக்கிவிட்டதைத் தவிர அங்கே யாரும் வேறெதையும் செய்திருக்கவில்லை. வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ்தான்; ஆனால் கோர் மின்னழுத்தம் 1.42 வோல்ட். அதன் மேல், பிராசசருடன் பெட்டியில் வரும் சிறிய ஃபேன். அதன் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று சரியாகப் பதியவும் இல்லை.

தானியங்கி வசதி ஏன் இப்படிச் செய்கிறது என்பது புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டு 2500கே பிராசசர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே வேகத்துக்கு ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே தடங்கலின்றி ஓடும், மற்றொன்று கூடுதலாகக் கேட்கும். உங்களுடையது எந்த வகை என்று மதர்போர்டுக்குத் தெரியாது. ஆகவே மிக மோசமான பிராசசரும் நிலைத்து ஓடும்படியான ஒரு மின்னழுத்தத்தை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுகிறது. பிராசசர் வெளிவிடும் வெப்பம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. நான் அதே 4.2 கிகாஹெர்ட்ஸை 1.25 வோல்ட்டில் நிறுத்தினேன். 1.42-ஐ 1.25-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: அந்தக் கடை அமைத்தது, அதே வேகத்துக்கு ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல் வெப்பம். வேகத்தில் ஒரு துளிகூட லாபமில்லை. இதற்குக் கட்டணம் வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பையன் உழைத்துச் சேர்த்த பணம் அது.

கையால் ஓவர்கிளாக் செய்வதை வேகத்தைக் கூட்டும் வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். 2500கே-யில் வேகத்தைக் கூட்டப் பெருக்கியை, அதாவது மல்டிபிளையரை, 33-லிருந்து 42 ஆக மாற்றினால் போதும். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 4.2 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும். உழைப்பெல்லாம், அந்த வேகத்தில் உங்கள் பிராசசர் நிலைத்து நிற்கும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைத் தேடுவதில்தான் இருக்கிறது.

அடிப்படைக் கடிகாரத்தைத் தொடாதீர்கள். கோர் 2 குவாட் கியூ6600 காலத்தில் அடிப்படைக் கடிகாரத்தை 266-லிருந்து 333 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை 3.0-க்குக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பழக்கத்தை இதிலும் சொல்லித்தருவார்கள். 2011 ஜனவரியில் வந்த இந்தத் தலைமுறையில் சாட்டா (வட்டு இணைப்பு), பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு இணைப்பு) எல்லாமே அந்த ஒரே கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. சில மெகாஹெர்ட்ஸ் தாண்டினாலே வட்டில் எழுதும் தரவு கெடக்கூடும்.

பெருக்கியை 40-இல் வைத்து, மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டில் நிலையாக வைத்துத் தொடங்குங்கள். விண்டோஸ் ஏறி, பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 நிரல் பிழையின்றி ஓடினால் பெருக்கியை ஒரு படி கூட்டுங்கள். நீலத்திரை வந்து, பிழை எண் 124 அல்லது 101 என்று முடிந்தால், பெரும்பாலும் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள், 0.01 வோல்ட் மட்டும் கூட்டிப் பாருங்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்று இறங்கும். அதை ஈடுசெய்யும் லோடு லைன் காலிபரேஷன் என்ற அமைப்பை நடுத்தரமாக வையுங்கள். உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று இறங்கும் கணத்தில் நீங்கள் அமைத்த அளவைத் தாண்டி மின்னழுத்தம் எகிறும். ரேமின் வேகத்தை இந்த நேரத்தில் மாற்ற வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிரைம்95 தேறியதும் வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் உண்மையில் செய்யப்போகும் வேலையையே இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிரைம்95-இல் தேறிவிட்டு, காணொளிச் சுருக்கத்தில் தவறிய கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு முன் உங்கள் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து வைப்பதும் கட்டாயம், ஏனென்றால் நிலையில்லாத பிராசசர் எப்போதும் நின்றுபோய்த் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. சில நேரம் தவறான விடையைச் சத்தமில்லாமல் எழுதிவிட்டுப் போகிறது.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நாடுகளில் இருப்பவர்கள் வெளியிடும் அளவுகள், அறை வெப்பம் 20 பாகை என்ற கணக்கில் இருக்கும். பிராசசரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தொகுதியான ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறைக் காற்றின் வெப்பத்துக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. அறை 32 பாகை என்றால் அவர்களுடைய எண்ணோடு 12-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதிலும் உங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. கோடைப் பகல்களில் எங்கள் கடற்கரையைவிட அங்கே சூடு கூடுதல். எனவே ஜூன், ஜூலையில் செய்து தேறிய சோதனையை நம்பாதீர்கள்; அதை ஜனவரிப் பிற்பகல் ஒன்றில் சன்னலை மூடிவைத்து மறுபடியும் செய்யுங்கள். இந்தப் பிராசசர் 98 பாகையை எட்டும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்றாலும், கோடையில் முழுச் சுமையில் 80-ஐத் தாண்டவிடக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. அக்கா மகனின் கணினியில் சிறிய ஃபேனை அகற்றிவிட்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட கோபுர வகை ஹீட்சிங்க் ஒன்றைப் பொருத்தி, பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டேன். உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு: 2500கே-யின் உலோக மூடி சிலிக்கானோடு உலோகப் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த 3570கே-யில் அங்கே வெறும் பேஸ்ட்தான் இருக்கிறது. அதனால் அது சூட்டை இவ்வளவு எளிதாக வெளியே விடுவதில்லை.

'4.8 வரை போகும் பிராசசரை 4.2-இல் நிறுத்துவது வீண்' என்று ஒருவர் வந்து சொல்வார். அவருக்கும் கணக்கையே காட்டுகிறேன். நான்கு கோர்களும் ஓடும்போது இதன் இயல்பான வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். 4.2 என்றால் ஐந்து மணி நேர வேலை நான்கு மணி நேரத்தில் முடிகிறது. வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 4.8-ஐ எட்ட 1.45 வோல்ட் தேவைப்பட்டால் வேகம் நாற்பது விழுக்காடு கூடும், வெப்பமோ இருமடங்காகிவிடும். அதை டர்பன் கோடையில் காற்றால் ஆற்றுவது நடக்கிற காரியமல்ல. 'கிராபிக்ஸ் கார்டைக் கொண்டே சுருக்கலாமே' என்பவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் அதே கோப்பு அளவுக்கு, பழைய கார்டுகள் தரும் படத்தைவிட எக்ஸ்264 தரும் படம் தெளிவு. மயில் காவடியின் இறகுகளும் அசையும் கூட்டமும் கட்டம் கட்டமாக உடைவதை யாரும் விரும்புவதில்லை.

ஒரு மணி நேரம் மிச்சமானால் என்ன பெரிய காரியம் என்றும் கேட்பார்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே கிடைத்த நேரத்துக்குள் ஒரு கோப்பு முடிந்தாக வேண்டியிருந்தது. எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது; நடுவில் மின்சாரம் போனால் அதுவரை செய்ததைத் திறக்கவே முடியாது. அந்த ஒரு மணி நேரத்தால்தான் அவன் சொன்ன நாளில் வேலையைக் கொடுத்தான்.

உங்கள் பி67 போர்டுக்கு மட்டும் உரிய ஒரு செய்தியும் உண்டு. இந்தச் சிப்செட்டின் முதல் பதிப்பில் 3 கிகாபிட் சாட்டா துளைகள் நாளடைவில் பழுதாகக்கூடும் என்று இன்டெல்லே 2011 ஜனவரி இறுதியில் அறிவித்து, பி3 (B3) என்ற திருத்திய பதிப்பை வெளியிட்டது. உங்களுடையது பி3 அல்ல என்றால், வட்டை 6 கிகாபிட் துளையில் மாட்டுங்கள். இல்லையென்றால் வட்டுப் பிழையை ஓவர்கிளாக் பிழை என்று எண்ணி வீணாக அலைவீர்கள்.

தொடங்குவதற்கு முன் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 மின்கலத்தையும் மாற்றிவிடுங்கள். இத்தனை ஆண்டுப் பழைய போர்டில் அது தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நீங்கள் தேடிக் கண்டுபிடித்த அளவுகள் அழிந்து, பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாற்றிய பின் பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். போர்டின் பெயரையும் இப்போது பொருத்தியிருக்கும் ஹீட்சிங்கையும் எழுதினால், லோடு லைன் காலிபரேஷனை எந்தப் படியில் வைப்பது என்று சொல்கிறேன். அந்தப் படிகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.