மருந்தடிக்கும் முன் ஒரு குழாய் ரத்தம்

அன்புள்ள மேடம்,

டெல்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பயோகெமிஸ்ட்ரி முதலாண்டு படிக்கிறேன். ஆறு மாதத்துக்குள் தீசிஸ் ப்ரோட்டோகால், அதாவது ஆய்வேட்டுக்கான திட்டம், கொடுக்க வேண்டும். “சர்க்கரை நோயாளிகளில் வைட்டமின் டி, நூறு பேர், ஒரு கிட், முடிந்தது” என்கிறார்கள் சீனியர்கள். என் கைடு நல்லவர், ஆனால் அவருக்கு நேரமே இல்லை. பெரிய கருவி எதுவும் எங்கள் லேபில் கிடையாது. சென்னையிலோ வேலூரிலோ சேர்ந்திருந்தால் உருப்படியாக ஏதாவது செய்திருக்கலாம். கிளினிக்கல் எடுத்த நண்பர்கள் எங்களை மெஷினில் பட்டன் அமுக்குகிறவர்கள் என்கிறார்கள்.

ஊர் மன்னார்குடிப் பக்கம், அப்பா விவசாயம். போன மாதம் வயலில் பூச்சி மருந்தடித்துவிட்டு வந்தவர் தலை சுற்றுகிறது என்று திண்ணையிலேயே படுத்துவிட்டார். நான் படிக்கிற படிப்புக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றியது. இங்கே இருந்துகொண்டே ஆராய்ச்சி கற்றுக்கொள்ள முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவை ஒரு பொதுமருத்துவரிடம் காட்டுங்கள். என்ன மருந்து அடித்தார் என்று புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முடியும் என்பதுதான் என் பதில். உங்கள் தலைப்பும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வைட்டமின் டி பற்றிய பத்தியில் இல்லை, திண்ணையில் இருக்கிறது.

குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அடிக்கிற மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். நரம்பின் செய்தியைக் கடத்துகிற அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் உடைக்கிற கோலினெஸ்டரேஸ் என்சைமை அது முடக்கிவிடும். விஷம் குடித்து வருகிறவருக்கு இந்த என்சைமை அளக்கிற டெஸ்ட்டைத் தினம் போடுகிறோம். ஆனால் குடிக்காமல், டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு சீசன் முழுக்க அடிக்கிறவருக்கும், அடித்த வயலில் மறுநாள் இறங்கிக் களை எடுக்கிற பெண்களுக்கும் அந்த என்சைம் எவ்வளவு குறைகிறது? இதுதான் கேள்வி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த என்சைம் ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவிலும் இருக்கிறது, சிவப்பணுவிலும் இருக்கிறது. பிளாஸ்மாவில் உள்ள கோலினெஸ்டரேஸ் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். டெஸ்ட் கிட்டோடு வரும் தாளில் இயல்பு வரம்பு 5,000 முதல் 12,000 வரை என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வழக்கமாக 11,000. மருந்தடித்த பிறகு 6,000 ஆகிவிட்டது. என்சைமில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது, ஆனால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் வரும். அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டுமானால் மருந்தடிப்பதற்கு முன்னால் அவரிடமே எடுத்த ஒரு குழாய் ரத்தம் வேண்டும். கலிபோர்னியாவில் மருந்தடிக்கும் தொழிலாளிகளைக் கண்காணிக்கும் முறை இதன்மேல்தான் நிற்கிறது. அவரவர் முந்தைய அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்யும் விதத்தைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்மா அளவு 60 சதவீதத்துக்கோ சிவப்பணு அளவு 70 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்தே விலக்கி வைக்கிறார்கள்.

அந்த முதல் குழாயைச் சென்னையில் இருக்கிற பெரிய லேப் எடுக்க முடியுமா? முடியாது. யார் எப்போது அடிக்கப் போகிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் நடுகிற நேரம் வேறு, பம்ப்செட் வைத்திருப்பவர் நடுகிற நேரம் வேறு. ப்ரோட்டோகாலில் “ஜூன் முதல் வாரம் முதல் மாதிரி” என்று தேதி போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். “நாற்று நட்ட பிறகு, முதல் மருந்துக்கு முன்” என்று பயிரின் கணக்கில் எழுதுங்கள். போன போகத்தில் அடித்ததன் பாதிப்பு தீர்ந்திருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். பிளாஸ்மா அளவு சில வாரங்களில் மீண்டுவிடும். சிவப்பணுவுக்குள் இருக்கிற என்சைம் அப்படி இல்லை, புதிய அணுக்கள் வந்துதான் ஏற வேண்டும். அணுவின் ஆயுள் 120 நாள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பி.ஜி. படித்தபோது ஒரு கிராமத்தில் முகாம் போட்டோம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்காக 38 பேரிடம் ரத்தம் எடுத்தோம். சர்க்கரை குறையாமல் காக்கிற ஃப்ளோரைடு போட்ட குழாய் தீர்ந்துபோய், சாதாரணக் குழாயில் பிடித்தோம். வேப்பமரத்தடியில் ஸ்டாண்டில் வரிசையாக வைத்துவிட்டு சாப்பிட்டோம். அப்புறம் பஸ். லேபுக்கு வந்து மெஷினில் போட்டபோது அந்த ஊரில் சர்க்கரையே இல்லை! எனக்கு ஒரே சந்தோஷம், கைக்குத்தல் அரிசி, வயல் வேலை என்று காரணம்கூட யோசித்து வைத்துவிட்டேன். கைடு தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தனை மணிக்கு எடுத்தே, எத்தனை மணிக்குப் பிரிச்சே?” ரத்தம் எடுத்த நேரத்தையும், அணுக்களிலிருந்து சீரத்தைப் பிரித்த நேரத்தையும்தான் கேட்டார். நான் எழுதி வைக்கவில்லை. குழாய்க்குள் இருக்கிற அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, நம்மைப் போலவே அவையும் சர்க்கரையைத் தின்கின்றன. சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 110 இருந்தவர் நான்கு மணி நேரத்தில் 85-க்குப் பக்கத்தில் வந்திருப்பார். 38 பேரின் முடிவையும் கிழித்துப் போட்டேன். கை நீட்டிய அந்தப் பாட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. மூன்று வருட எம்.டி.யில் நான் கற்ற ஆராய்ச்சி என்றால் அந்த ஒரு கேள்விதான். நரம்பிலிருந்து தாள் வரைக்கும் அந்த எண்ணுக்கு நான் பொறுப்பு.

உங்கள் வேலையிலும் இதே ஆபத்து உண்டு. கோலினெஸ்டரேஸை அளக்க எல்மன் 1961-இல் சொன்ன முறையில், என்சைம் வேலை செய்யச் செய்ய வரும் மஞ்சள் நிறத்தை 412 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறோம். ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சுவதும் அங்கேதான். அவசரமாக ரத்தம் இழுத்து அணுக்கள் உடைந்துவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. இதே என்சைமை முடக்குகிற கார்பமேட் வகை மருந்தாக இருந்தால் இன்னும் மோசம், அதன் பிடி தானாகவே விட்டுவிடும். ஐஸ் இல்லாமல் சாயங்காலம் வரை வைத்திருந்தால் என்சைம் குழாய்க்குள்ளேயே மீண்டு, எல்லாரும் நலம் என்று காட்டும். பைரெத்ராய்டு வகை மருந்து இந்த என்சைமைத் தொடாது, அதை அடித்திருந்தால் இந்த டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொருவரிடமும் புட்டியை வாங்கிப் பார்த்துப் பெயர் எழுதுங்கள். “பூச்சி மருந்து: ஆம்/இல்லை” என்று படிவம் அடித்தால் தீசிஸ் அங்கேயே போச்சு.

கருவி இல்லை என்ற கவலைக்கு வருகிறேன். இதற்குத் தேவை உங்கள் லேபில் நிச்சயம் இருக்கிற செமி ஆட்டோ அனலைசர், ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஐஸ் பெட்டி. அதற்கு மேல் ஒழுக்கம் வேண்டும். மீந்த சீரத்தைக் கலந்து சின்னச் சின்னக் குழாய்களில் உறைய வையுங்கள். தினம் ஒன்றை எடுத்து ஓட்டி, அளவு நாளுக்கு நாள் எவ்வளவு தள்ளாடுகிறது என்று காட்டுகிற லெவி-ஜென்னிங்ஸ் படத்தில் புள்ளி வையுங்கள். ஒரே சீரத்துக்கு நாளுக்கு நாள் 8 சதவீதம் முன்னே பின்னே வந்தால், ஒருவருக்கு 10 சதவீதம் குறைந்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஐ.சி.எம்.ஆரின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் எபிடெமியாலஜி நடத்துகிற அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை எப்படியும் முடிக்கத்தான் வேண்டும், அதை ப்ரோட்டோகால் எழுதும் முன்பே முடித்துவிடுங்கள். புள்ளியியல்காரரிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் போங்கள்.

பட்டன் அமுக்குகிறவர்கள் என்று சொல்கிற நண்பர்களுக்கு எல்லாப்ரகட சுப்பாராவைப் பற்றிச் சொல்லுங்கள். 1895-இல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1925-இல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். நீல நிறத்தைப் பார்த்து அளப்பது, நீங்களும் பிராக்டிகலில் செய்திருப்பீர்கள். அதைத் தசைச் சாறில் செய்தபோது நீலம் வர வேண்டிய நேரத்தில் முழுசாக வரவில்லை, மெதுவாக ஏறியது. நாமாக இருந்தால் ரீஏஜென்ட் கெட்டுப்போச்சு என்று கீழே ஊற்றியிருப்போம். அவர்கள் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். ஏதோ ஒன்று அந்த அமிலத்தில் உடைந்து பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதுதான் தசை சக்தியைச் சேமித்து வைக்கிற பாஸ்போகிரியேட்டின், 1927. நிறத்தின் அடர்த்தியை அளக்கிற ஒரு கலரிமீட்டர் முன்னால் பொறுமையாக உட்கார்ந்ததில் கிடைத்தது.

ஒப்புதல் படிவத்தை எத்திக்ஸ் கமிட்டிக்காக மட்டும் எழுதாதீர்கள். ‘தன்னார்வப் பங்கேற்பாளர்’ என்று ஆரம்பித்தால் களை எடுக்கிற அக்கா எழுந்து போய்விடுவார். “மருந்து உடம்புல எவ்வளவு ஏறுதுன்னு பார்க்கப் போறோம், அஞ்சு மில்லி ரத்தம், ரெண்டு தடவை, வேண்டாம்னா வேண்டாம்” என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அதையே எழுதுங்கள். பண்ணையார் முன்னிலையில் கையெழுத்து வாங்காதீர்கள். அளவு மிகவும் குறைந்த ஒருவரைக் கண்டால் அன்றைக்கே மெடிசின் வார்டில் யாரிடம் அனுப்புவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லாருக்கும் அவரவர் எண்ணைத் திரும்பச் சொல்லுங்கள்.

கைடுக்கு நேரமில்லை என்றீர்கள். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்வி, எப்போது ரத்தம் எடுப்பது, எந்த முறை, எவ்வளவு செலவு. வெறும் கையோடு நிற்கிற மாணவனுக்குத்தான் வைட்டமின் டி கிடைக்கிறது.

ஒன்று மட்டும். உங்கள் அப்பாவை இந்த ஆய்வில் சேர்க்காதீர்கள், உங்கள் தெருக்காரர்களையும்தான். ‘நம்ம டாக்டர் தம்பி கேட்டுட்டான்’ என்று கை நீட்டுகிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பக்கத்து ஒன்றியத்துக்குப் போங்கள். முறையைப் பழக ரத்தம் வேண்டுமானால் உங்கள் கையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் குழாயிலேயே எழுதுங்கள்.