வாகன கேள்வி பதில்: நூறைத் தொட எத்தனை நொடி?

கேள்வி: சென்ற தை மாதம் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட இதற்கு 12.6 நொடி என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. பைபாஸில் நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்த என் மகன் ஸ்பீடாமீட்டரைப் பார்த்து ஸ்டாப்வாட்ச் அழுத்தினான், 11.3 வந்தது. செல்பேசிச் செயலியோ 13.1 என்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். பைபாஸில் நீங்கள் செய்தது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பந்தயத்தை மட்டும் தடுக்கவில்லை. அரசின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் எந்த வகை வேகச் சோதனையும் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதையும் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ செட்டிப்பாளையத்தின் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ தடத்திலோ, யாரும் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கும் ‘ட்ராக் டே’ அறிவிக்கும்போது காரைக் கொண்டுபோங்கள்.

இனி கணக்கு. உங்கள் 11.3இல் பெரிய புளுகு ஸ்பீடாமீட்டருடையது. ஐ.நா. வாகன விதி 39இன்படி, முள் காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் குறையவே கூடாது, கூடுதலாகக் காட்டலாம். எவ்வளவு என்றால், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும்! டயர் சற்றுப் பெரிதாக இருந்தாலும் காற்று கூடினாலும் முள் குறைத்துக் காட்டி வம்பு வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். உங்கள் முள் 100ஐத் தொட்டபோது கார் 94இல் ஓடியிருந்தால் நான் வியக்கமாட்டேன். உங்களுடையதைப் போன்ற கார் அந்த வேகத்தில் கடைசி 6 கி.மீ.யை ஏறவே ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும். அந்த ஒரு நொடி உங்கள் கணக்கில் இல்லை.

அடுத்தது மகனின் கட்டைவிரல். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றவன் நான். அப்போதே பார்த்த விஷயம் இது. கார் அசைவது திடீரென்று நடக்கிறது. அதைப் பார்த்து விரல் அழுத்த ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிந்தும். ஆனால் முள் 100ஐ நோக்கி ஏறுவது முன்கூட்டியே தெரிகிறது. விரல் காத்திருந்து சரியாக அழுத்திவிடும், ஆவலில் முந்தியும் அழுத்தும். தொடக்கத்தில் பிந்தி முடிவில் பிந்தாவிட்டால் நேரம் குறைவாகத்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், 11.3 எங்கே போய் நிற்கிறது என்று. பத்திரிகைக்காரரின் 12.6க்கு அது பக்கத்து வீடு ஆகிவிடும்.

செல்பேசியின் குறை வேறு. பெரும்பாலான செல்பேசிகள் செயற்கைக்கோள் வழியாக வேகத்தை நொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கின்றன. இரண்டு அளவுகளுக்கு நடுவே கார் எப்போது புறப்பட்டது, எப்போது 100ஐத் தாண்டியது என்பதைச் செயலி ஊகிக்கிறது. அதனால்தான் ஒரே காரில் ஒரே தடத்தில் அரை நொடி இப்படியும் அப்படியும் ஆடும். நொடிக்கு பத்து முறை அளக்கும் தனிக் கருவிகள் கிடைக்கின்றன. தொழில்முறைச் சோதனையாளர்கள் நூறு முறை அளப்பவற்றைக்கூட வைத்திருக்கிறார்கள். இவை இடத்தை இடத்தோடு கழித்து வேகம் காண்பதில்லை. செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்தே வேகத்தை எடுக்கின்றன. கருவியை முன்கண்ணாடிக்கு அருகே, வானம் தெரியும்படி வைத்துச் சில நிமிடம் காத்திருந்து புறப்பட வேண்டும். செல்பேசியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம்: சீரான வேகத்தில் ஓடும்போது அது நம்பகமானது. முள் 80இல் நிற்கும்போது செல்பேசி எவ்வளவு காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னால் உங்கள் ஸ்பீடாமீட்டரின் குணம் தெரிந்துவிடும். இதற்கு ஆக்சிலேட்டரை அமுக்க வேண்டியதில்லை. சட்டமும் குறுக்கே வராது.

தரையை மறக்காதீர்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் காருக்கு அது ஏறக்குறைய அரை நொடி. ஆகவே ஒரே இடத்தில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பதுதான் முறை. காற்றின் தயவும் அதில் பெரும்பாலும் கழிந்துவிடும். ஒரு திசையில் மட்டும் எடுத்த எண்ணை, அது எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் எடுத்ததானாலும், நான் ஏற்பதில்லை.

கேள்வி: அமெரிக்கச் சோதனைகளில் மட்டும் கார்கள் இவ்வளவு வேகமாக இருப்பது ஏன்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டு சலுகைகள். அவர்கள் அளப்பது மணிக்கு 60 மைல் வேகம் வரை; அது 96.56 கி.மீ.தான். சில கார்கள் இரண்டாம் கியரிலேயே 97ஐத் தொட்டுவிடும், 100க்கு மூன்றாம் கியர் போட வேண்டும். அந்த ஒரு மாற்றத்திலேயே நேரம் போகும். இன்னொன்று, ‘டிராக்’ (drag) எனும் நேர்கோட்டுப் பந்தய மரபுப்படி அங்கே பலர் கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குகிறார்கள். ஓரடி சிறிதுதான், ஆனால் நின்ற காருக்கு அதைக் கடக்க ஏறத்தாழ கால் நொடி வேண்டும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்குச் சொல்லும் 1.99 நொடியும் இப்படிக் கழித்ததுதான். அந்நிறுவனமே குறிப்பில் அதைச் சொல்லிவிடுகிறது. கழித்ததைச் சொல்லாமல் மற்றவர்களோடு ஒப்பிடுபவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம்.

கேள்வி: கோவையில் துள்ளும் என் கார் ஊட்டியில் சோர்ந்துபோகிறது. இன்ஜினில் கோளாறா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத இன்ஜின்தானே? கோளாறு இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆற்றலும் அந்த அளவுக்குக் குறையும். டர்போ கார் இதைப் பெருமளவு சமாளித்துவிடும். மெக்கானிக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அளக்கும்போது ஏசி போடலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அணைத்துவிடுங்கள். முழு ஆக்சிலேட்டரில் கம்ப்ரஸரைத் தானே நிறுத்திவைக்கும் கார்களும் உண்டு, உங்களுடையது எந்த வகை என்று ஏன் சந்தேகம்? அதோடு, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெயிலா மாலையா என்பதையும் நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.