பனை உச்சிக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது?

கேள்வி: அறுபது அடிப் பனையின் உச்சிக்கு மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படிப் போகிறது? வேர்தானே தள்ளிவிடுகிறது?

ஓலைதான் இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணியபோதுதான் புரிந்தது.

திசையன்விளைப் பக்கம் எங்களுக்கு ஒரு கிணறு. கோடையில் தண்ணீர் கீழே இறங்க இறங்க, மேட்டில் இருந்த மோட்டார் சும்மா உறுமும்; சொட்டுத் தண்ணீர் வராது. "ஏல, மோட்டார உள்ள எறக்கணும்ல" என்பார் சித்தப்பா. கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கியதும் தண்ணீர் கொட்டும். விஷயம் இதுதான்: மோட்டார் குழாயில் உள்ள காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் பலம் 34 அடியோடு சரி. நடைமுறையில் 25 அடி ஏறினாலே பெரிது. அதே கிணற்று மேட்டில் அறுபது அடிப் பனை ஒன்று பச்சைப் பசேலென்று நிற்கும்!

பனைக்குள் நடப்பது, மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையில் கயிறு இழுக்கிற வேலை. பகலில் ஓலையின் நுண்துளைகள் திறந்து நீர் ஆவியாகப் போகிறது. போனதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த நீர் வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் ஓலை முதல் வேர் வரை ஒரே கயிறு. காற்றின் தயவு இதற்கு வேண்டாம். டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894இல் அயர்லாந்தின் டப்ளினில் சொன்ன விளக்கம் இது. மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுமே என்பார்கள். முடிக் கனக் குழாயில் அது ஓர் அடிதான் ஏறும். உயிருள்ள செல்கள் துடித்துத் தள்ளுகின்றன என்று நம் ஜகதீஷ் சந்திர போஸ் வாதாடினார். அது நிலைக்கவில்லை. நீர் ஏறும் குழாய்களே செத்த செல்கள்தான்.

கயிறு அறுவதும் உண்டு. வறட்சியில் காற்றுக் குமிழி புகுந்து, எங்கள் மோட்டாருக்குக் காற்றுப் பிடித்ததுபோல அந்தக் குழாய் நின்றுவிடும். குமிழி பக்கத்துக் குழாய்க்குத் தாவாமல் இடையில் சவ்வு தடுக்கும். வேம்பு மேற்கொண்டு புதுக் குழாய்கள் போட்டுக்கொண்டே இருக்கும். பனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடலியாக இருந்தபோது அடிமரத்தில் போட்ட குழாய்களை வைத்தே கிழமாகும்வரை ஓட்டுகிறது.

வேர் தள்ளுவதே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. சேரன்மகாதேவியில் ஆச்சி வீட்டு வயலில், பிசானப் பருவ நெற்பயிரின் இலை நுனிகளில் விடியற்காலை முத்து முத்தாக நிற்கும். பனி என்றுதான் நினைத்திருந்தேன். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது வேரின் அழுத்தம் வெளியேற்றிய நீர் அது. வெட்டிய வாழைக் கட்டையில் தண்ணீர் ஊறுவதும் அதனால்தான். அறுபது அடிக்கு இந்தத் தள்ளு காணாது.

அப்புறம், பதநீரும் இந்தத் தண்ணீர்தானா என்று அடுத்த கேள்வி வரும். நீர் வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் வழி வேறு. ஓலை தயாரிக்கும் சர்க்கரை, உயிருள்ள செல்களால் ஆன இன்னொரு குழாய் வழியாகப் பாளைக்குப் போகிறது. பூவுக்கும் காய்க்கும் போகவேண்டிய அந்தச் சாப்பாட்டைத்தான் பனையேறி பாளையைச் சீவிக் கலயத்தில் பிடிக்கிறார்.