எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் வரும் வயிறு சம்பந்தமான சொற்களைச் சாதாரண ஆட்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

அம்மாவின் ரிப்போர்ட்டில் 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்' என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூரில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் 18 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நிற்பவர்களின் முகத்தை நாள்தோறும் பார்ப்பவள்.

முதலில் அம்மா விஷயம். ஆன்ட்ரம் என்பது இரைப்பையின் அடிப்பகுதி, சாப்பாடு சிறுகுடலுக்குள் இறங்குவதற்கு முன்னால் வரும் இடம். கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பையின் உள்தோல் சிவந்து வீங்கியிருக்கிறது. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். எங்கள் அறையில் ஒரு நாளில் நாலைந்து பேருக்காவது இதை எழுதுவார்கள். அது அல்சரும் இல்லை, புற்றுநோயும் இல்லை. உள்தோல் மேலாக உரிந்திருந்தால் 'எரோஷன்' என்று எழுதுவார்கள். தோலைத் தாண்டி ஆழமாகக் குழி விழுந்திருந்தால்தான் 'அல்சர்'. நம் ஊரில் வயிறு எரிந்தாலே "எனக்கு அல்சர் இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் புண்ணே இருக்காது.

ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே 'ஆர்.யூ.டி' (ரேபிட் யூரியேஸ் டெஸ்ட், ஒரு கிருமிப் பரிசோதனை) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இரைப்பையிலிருந்து அரிசி நொய் அளவுக்கு ஒரு சிறு துணுக்கு எடுத்து, மஞ்சள் நிறத்தில் ஜெல்லி மாதிரி இருக்கும் ஒரு சின்ன வில்லையில் வைப்போம். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி அதில் இருந்தால் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக ரோஸ் நிறமாக மாறும். சிலருக்கு நான் கையுறையைக் கழற்றுவதற்குள்ளேயே மாறிவிடும். மாறினால் பாசிட்டிவ். இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். வயிறு சரியாகிவிட்டது என்று ஆறாம் நாளே நிறுத்திவிடாதீர்கள், கிருமி மிச்சமிருந்து மறுபடி கிளம்பும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ரிப்போர்ட் வந்ததும் நம் அம்மாக்கள் முதலில் தங்களையேதான் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். காரம் அதிகம் சாப்பிட்டேன், நேரத்துக்குச் சாப்பிடவில்லை, கவலைப்பட்டேன் என்று. 1980கள் வரை மருத்துவ உலகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தது. 1984இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் இந்தக் கிருமியைத் தானே குடித்து, தனக்கே கேஸ்ட்ரைட்டிஸ் வரவழைத்துக் காட்டினார். அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியை ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காரம் எரிச்சலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமி, இல்லையென்றால் வலி மாத்திரை.

இனி சொற்கள். இவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்த துண்டுகள், ஒட்டுப்போட்ட மாதிரி சேர்ந்திருக்கும். முன்னால் வருவது எந்த உறுப்பு என்று சொல்லும்: கேஸ்ட்ரோ இரைப்பை, என்டரோ குடல், ஹெப்பட்டோ கல்லீரல், கோலிசிஸ்ட் பித்தப்பை. பின்னால் வருவது என்ன ஆயிற்று அல்லது என்ன செய்தார்கள் என்று சொல்லும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'மெகலி' என்றால் வீங்கிப் பெரிதாகியிருக்கிறது. 'லித்' வந்தால் கல். 'ஸ்கோபி' உள்ளே பார்ப்பது, 'எக்டமி' வெட்டி எடுப்பது. கோலிலித்தியாசிஸ் என்று ஸ்கேனில் இருந்தால் பித்தப்பையில் கல். கோலிசிஸ்டெக்டமி என்றால் அந்தப் பையையே எடுக்கும் ஆபரேஷன். அதைச் சிறு துளைகள் வழியாக (லேப்ராஸ்கோபி) செய்தால் வார்டில் நாங்கள் 'லேப் கோலி' என்போம். 'ஆஸ்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுப்பதில்லை, வாசல் திறந்து விடுவது. கொலக்டமி, கொலாஸ்டமி இரண்டையும் குழப்பிக்கொண்டு சம்மதக் கையெழுத்துப் போடப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாவதில் பெருங்குடலையோ அதில் ஒரு பகுதியையோ எடுக்கிறார்கள். இரண்டாவதில் மலம் வயிற்றின் மேல் வைக்கும் பை வழியாக வெளியேற வழி செய்கிறார்கள். கையெழுத்துக்கு முன் எது என்று தயங்காமல் கேளுங்கள்.

ஐ.பி.எஸ்., ஐ.பி.டி. இரண்டிலும் இதே கவனம் வேண்டும். ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்றால் குடலின் வேலை தாறுமாறாக இருக்கிறது, ஆனால் குடலில் புண் இல்லை. ஐ.பி.டி. (இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ்) என்றால் குடலில் உண்மையிலேயே அழற்சியும் புண்ணும் இருக்கிறது, பல வருடம் மருந்து தேவைப்படும்.

சரி, ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலைதான் ஆகிறது. மீதிப் பாதி, நம் உடம்பில் நடப்பதை டாக்டரிடம் சொல்வது. அதில்தான் எங்கள் வீட்டில் பெரிய அடி விழுந்தது.

எங்கள் நைனா குடியாத்தத்தில் லுங்கி நெசவு. குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து இரண்டு முட்டியும் போய்விட்டது. ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கித் தினம் ஒன்று, சில நாள் இரண்டு, ஐந்தாறு மாதம் போட்டிருக்கிறார். பாதி நாள் வெறும் வயிற்றில். ஒருநாள் தறியிலிருந்து எழுந்தவர் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கூட்டிப்போன இடத்தில் "மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டார்கள். "நல்லா போகுது சார்" என்றார். பிரஷர் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் ஊருக்குப் போனேன். பின்கட்டில் கழிவறைப் பக்கம் போனபோது வந்த நாற்றம் எனக்குத் தெரிந்த நாற்றம். நைனாவிடம் கேட்டேன்:

"நைனா, வெளிக்கிப் போனா என்ன கலர்ல போகுது?"

"கருப்பா போகுதும்மா. முருங்கக்கீரை சாப்ட்டேன்ல."

"எத்தன நாளா?"

"ஒரு பத்து நாளா இருக்கும்."

"தண்ணி ஊத்துனா போயிடுதா?"

"எங்க போகுது? தார் மாதிரி ஒட்டிக்குது. ரெண்டு பக்கெட் ஊத்தணும்."

அதற்குப் பெயர் 'மெலினா'. கிரேக்கத்தில் கருப்பு என்று பொருள். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்து, செரிமானம் ஆகிக் கருத்து வெளியேறுவது. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கருக்கும். ஆனால் அது இப்படிப் பிசுபிசுவென்று ஒட்டாது, இந்த நாற்றமும் அடிக்காது. அன்று இரவே வேலூருக்குக் கூட்டி வந்தோம். ஹீமோகுளோபின் 6. மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து கசிவு. ஊசி போட்டு, கிளிப் வைத்து நிறுத்தினார்கள். இத்தனை வருடம் எத்தனையோ பேருக்கு வாயில் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தை வைத்துவிட்டிருக்கிறேன், அன்று நைனா வாயில் வைக்கும்போது கை நடுங்கியது.

நைனா பொய் சொல்லவில்லை. "நல்லா போகுது" என்றால் அவருக்குச் சிக்கல் இல்லாமல் போகிறது என்று அர்த்தம். கேட்டவர் நிறத்தைக் கேட்கவில்லை, இவரும் நிறத்தைச் சொல்லவில்லை. அதனால் நான் இப்போது எல்லோரிடமும் நிறம், கெட்டி, எத்தனை முறை, ரத்தமோ சீதமோ உண்டா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். "ஐயா, வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, பச்சையாகவே சொல்லுங்கள்" என்றால் சொல்லிவிடுவார்கள்.

அதே மாதிரி 'கேஸ்' என்ற சொல். ஏப்பம் வந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், நெஞ்சை அடைத்தாலும் கேஸ். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கென்றே இன்னொரு சொல் உண்டு, 'ட்ராபிக்கல் ஸ்ப்ரூ'. வேலூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்து ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த 1960களில், இங்கே கிராமம் கிராமமாக ஒரு கழிச்சல் பரவியது. பேதி வாரக்கணக்கில் நிற்காது, நாக்கு புண்ணாகும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆள் இளைத்து ரத்தசோகையில் படுத்துவிடுவார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்து எழுதியவை இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஸ்ப்ரூ என்பது டச்சுச் சொல், வாய்ப்புண்ணைக் குறிப்பது. குடல் நோய்க்கு வாயைக் குறிக்கும் பெயர் வந்தது அந்த நாக்குப் புண்ணால்தான். இப்போது அரிது. ஆனாலும் பேதி இரண்டு வாரத்தைத் தாண்டி, எடையும் குறைந்தால், மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான். முட்டிவலிக்கோ தலைவலிக்கோ அவர் தினமும் எதையாவது போடுகிறாரா என்று கேளுங்கள். அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் மருந்துக் கடையில் கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தச் சீட்டையும் ரிப்போர்ட்டோடு சேர்த்து மேசையில் வையுங்கள். துணுக்கை பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு தனியாகச் சில நாள் கழித்து வரும். பல பேர் அதை வாங்காமலே ஊருக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் வாங்கிவிடுங்கள். அதில் ஏதாவது சொல் புரியவில்லை என்றால் இங்கேயே கருத்தில் எழுதுங்கள், இரவு டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன்.