மாத்திரையா, கீரைப் பொடியா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்பத்திரியில் 24 வருடம் உணவு ஆலோசகராக இருந்தேன். செயற்கை வைட்டமின் வாங்குவதா, முழு உணவிலிருந்து எடுத்தது என்று விற்கும் பொடி, கேப்ஸ்யூல் வாங்குவதா என்று கேட்டிருந்தவர்களுக்கு என்னுடைய பதில்கள் இவை.

கேள்வி (கோவை): மேடம், நாலு மாதம் முழுகாமல் இருக்கிறேன். ஹீமோகுளோபின் 8.9. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. அதை விட்டுவிட்டு முருங்கைக் கீரை கேப்ஸ்யூல் போடலாமா? அது இயற்கைதானே?

பதில்: வேண்டாம்மா. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். காய்ந்த முருங்கைப் பொடி 100 கிராமில் 28 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கேப்ஸ்யூலுக்குள் இருப்பது அரை கிராம் பொடி. அதில் கிடைக்கும் இரும்பு 0.14 மில்லிகிராம். உங்கள் கையில் இருக்கும் அரசு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். அதற்கு ஈடாக நானூறு கேப்ஸ்யூலுக்கு மேல் விழுங்க வேண்டும்! கீரையில் உள்ள இரும்பை உடம்பு குறைவாகத்தான் உறிஞ்சும் என்பது வேறு.

மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்முன் எலுமிச்சைச் சாறோடு போட்டுப் பாருங்கள். அதையொட்டி டீ, காபி குடிக்காதீர்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம்தான். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை இரும்பு மாத்திரை எழுதித் தருவார். தேவைப்பட்டால் ஊசியாகவும் போடுவார்கள். நீங்களாக நிறுத்திவிட மட்டும் கூடாது. பிரசவத்துக்குள் ரத்தம் ஏறியாக வேண்டும். முருங்கைக் கீரைப் பொரியலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது சோற்றோடு இருக்க வேண்டியதுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): ஃபேக்டரியில் செய்த வைட்டமினை உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்கிறார்களே?

பதில்: ஒவ்வொரு வைட்டமினுக்கும் பதில் வேறு. நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி, மாத்திரையில் இருக்கும் அஸ்கார்பிக் அமிலம் இரண்டும் ஒரே மூலக்கூறு. நெல்லிக்காயில் நார்ச்சத்தும் துவர்ப்புச் சத்துகளும் கூடவே வருவது அதன் சிறப்பு. வைட்டமின் ஈ-யில் இயற்கையானதுதான் உசத்தி. லேபிளில் ‘டி-ஆல்ஃபா’ என்றிருந்தால் இயற்கை, ‘டிஎல்-ஆல்ஃபா’ என்றிருந்தால் செயற்கை. எடைக்கு எடை செயற்கையின் வீரியம் ஏறத்தாழ பாதிதான்.

ஃபோலிக் அமிலத்தில் கதை தலைகீழ். கீரையில் இயற்கையாக ஃபோலேட் என்ற வடிவில் இருப்பதைவிட மாத்திரையில் உள்ளதைத்தான் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது. இதன் வரலாறு நம் நாட்டில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய் வந்தார். அங்கே மில் வேலைக்குப் போன ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவித ரத்தசோகை, ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று கண்டுபிடித்து 1931-இல் எழுதினார். அந்தச் சாறு உணவுதான். அதிலிருந்த சத்து இன்னதென்று பிரித்தறிந்து மாத்திரையாக்கப் பல வருடம் ஆனது. 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வில், முன்பு தண்டுவடக் குறையோடு குழந்தை பெற்ற பெண்கள் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. குழந்தைக்குத் தயாராகும் பெண்கள் யாரும் ‘செயற்கை’ என்ற சொல்லுக்குப் பயந்து இந்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை): 2,400 ரூபாய் கொடுத்து ‘100% முழு உணவு’ மல்டிவைட்டமின் வாங்கினேன். நம்பலாமா சார்... மன்னிக்கவும், மேடம்?

பதில்: பாட்டிலைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் படியுங்கள். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலின் முன்பக்கம் முழுக்கப் பழமும் கீரையும் படமாக இருந்தன. பின்னால் முதலில் கீரைப் பொடிகளின் பெயர்கள். அவற்றுக்கு அடுத்து அஸ்கார்பிக் அமிலம், சயனோகோபாலமின், பிரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு. இவை மூன்றும் (வைட்டமின் சி, பி12, பி6) சாதாரண மல்டிவைட்டமினில் இருப்பவையே. எல்லா வைட்டமினும் அன்றாடத் தேவையில் சரியாக 100 சதவீதம் என்று போட்டிருந்தால், வெறும் இலைப் பொடியிலிருந்து அப்படி வராது, சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சேர்த்தது தப்பில்லை. அதை மறைத்து நான்கு மடங்கு விலை வாங்குவதுதான் எனக்கு வருத்தம். நம் நாட்டில் இவை உணவுச் சட்டத்தின்கீழ் வருபவை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): நான் சுத்த சைவம். 11 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பாதம் மரத்துப் போகிறது. பி12-க்கு ஸ்பைருலினா போதுமா?

பதில்: போதாது ஐயா. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 மாதிரி தோன்றும் வேறொன்று, அது நமக்குப் பயன்படாது. மெட்ஃபார்மினும் நாளடைவில் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். மரத்துப்போவது சர்க்கரையாலும் வரலாம், பி12 குறைவாலும் வரலாம். இந்த வாரமே ரத்தத்தில் பி12 பார்த்துவிடுங்கள், நரம்பு கெட்டபின் திரும்புவது கஷ்டம். மாத்திரையில் உள்ள பி12-ம் நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பதுதான், அதனால் சைவர்களுக்குத் தயக்கம் வேண்டாம். மேலுறை ஜெலட்டினா (மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி (சேலம்): கேரட் நல்லது என்றால் அதிலிருக்கும் பீட்டா கரோட்டினின் மாத்திரையும் நல்லதுதானே? நான் புகைபிடிப்பவன்.

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள் தம்பி. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆய்வு செய்து 1994-இல் வெளியிட்டார்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கேரட்டைக் கேரட்டாகவே சாப்பிடுங்கள். சிகரெட்டை விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் எழுதுங்கள், கூட இருக்கிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கு. வார்ஃபரின் போடுறார். மூன்று கிழமையாகப் பச்சைக் கீரைப் பொடியும் குடிக்கிறார். பிரச்சினை இல்லைத்தானே?

பதில்: இருக்கிறது. பச்சிலைப் பொடியில் வைட்டமின் கே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துதான் வார்ஃபரின். வைட்டமின் கே அதை எதிர்த்து வேலை செய்யும், வால்வில் ரத்தம் கட்டலாம். ஆனால் பொடியைச் சட்டென்று நிறுத்தினால், இந்த மூன்று வாரத்துக்குள் மருந்தளவைக் கூட்டியிருக்கும் பட்சத்தில் ரத்தக்கசிவு வரலாம். அதனால் நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். நாளைக் காலையே ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை எடுங்கள். அந்தப் பொடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.