பக்கவாதத்துக்குப் பிறகு என்ன பயிற்சி? கேள்வி பதில்

(பிசியோதெரபிஸ்ட் என்பதால் உடற்பயிற்சி பற்றி மட்டும் கேளுங்கள். மாத்திரை விஷயம் உங்கள் டாக்டரிடம்.)

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் தேறாது என்கிறார்களே?

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாகும், அவ்வளவுதான். 2006இல் வெளியான எக்ஸைட் என்ற அமெரிக்க ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் பாதித்த கையாலேயே வேலை செய்யவைத்தார்கள். அதில் கிடைத்த பலன் ஒரு வருடம் கழித்தும் இருந்தது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானாக விரிகிறவர்களுக்குத்தான் அந்த முறை.

அப்பாவுக்கு உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதித்த காலைச் சற்றுப் பின்னால் வைத்து, மூக்கு கால்விரலைத் தாண்டும் அளவு முன்னால் சாய்ந்து எழட்டும். பாதித்த பக்கம் ஒருவர் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பந்து பிசைந்தால் கை சரியாகுமா?

விரல் இறுகி மடங்கியிருந்தால் பந்து வேண்டாம்.

என் மாமா பந்து பிசைந்துதான் தேறினார். எதை வைத்து வேண்டாம் என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. வலுவூட்டும் பயிற்சியால் இறுக்கம் கூடும் என்ற பழைய பயத்தை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மாமாவுக்கு விரல் நன்றாக விரிந்து, பிடி மட்டும் தளர்ந்திருந்தால் பந்து உதவியிருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை தலைகீழ். ஒரு அம்மா டம்ளரைப் பிடித்துவிடுவார், மேசையில் வைத்தபின் விரல் விடாது, இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். அவருக்கு மணிக்கட்டை மேசை விளிம்பில் தொங்கவிட்டால் விரல் தானாகக் கொஞ்சம் தளரும் என்று காட்டி, அங்கிருந்து விடுவதைப் பழக்கினோம். அவரும் தினமும் அரை மணி நேரம் பந்துதான் பிசைந்துகொண்டிருந்தார். அந்த நேரம் முழுக்க விரலை மடக்குவதிலேயே போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

புறா ரத்தம் தடவலாமா?

வேண்டாம். பலன் இல்லை.

எங்கள் ஊரில் புறா ரத்தம்...

மேலே பாருங்கள்.

தண்ணீர் குடித்தால் இருமுகிறார்.

விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லி ஸ்பீச் தெரபிஸ்டை (பேச்சோடு விழுங்குவதையும் கவனிப்பவர்) பாருங்கள், அதுவரை படுத்த நிலையில் எதுவும் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்குத் தோள் வலி. கப்பியில் கயிறு கட்டிக் கையைத் தூக்கிவிடுகிறோம்.

கப்பியை இன்றே கழற்றுங்கள். தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்திருப்பதால் கையின் எலும்பு குழியிலிருந்து இறங்கியிருக்கலாம், அந்த நிலையில் மேலே இழுத்தால் உள்ளே நசுங்கும். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். ரவிக்கை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

தாத்தாவைக் கையைப் பிடித்துத் தூக்கி நடக்கவைக்கிறோம். சரியா என்று வீடியோ அனுப்பவா?

கையைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். அப்படி நடக்கவைத்து வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.